யார் பாட வேண்டும்?

நம்முடைய கதைகளிலும் சினிமாக்களிலும் வெகுநாளாக ஒரு வழக்கம் இருந்து வந்திருக்கிறது. ஒரு பெண்ணை எவனோ ஒருவன் பலாத்காரம் செய்துவிட்டான் என்றால், உடனே எங்கிருந்தோ ஷெனாய் அழ ஆரம்பித்துவிடும். விளக்கு அணையும், வெளியே மழை கொட்டும். அடுத்த காட்சியில் அவள் பேசமாட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பதிலாக வேறு யாரோ, பெரும்பாலும் ஓர் ஆண்குரல், உச்ச ஸ்தாயியில் விதியை நொந்துகொண்டு பாடும். பாட்டு முடிவதற்குள் அவள் கிணற்றடிக்கோ தண்டவாளத்துக்கோ போய்ச் சேர்ந்திருப்பாள். நாமும் மூக்கைச் சிந்திவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவோம்.

இதற்கென்று நாம் வைத்திருக்கும் வார்த்தையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். 'கெட்டுப்போனவள்' என்கிறோம். பால் கெட்டுப்போகும், மாவு கெட்டுப்போகும். கெட்டதைக் கொட்டிவிட வேண்டியதுதான். செய்தவன் கெட்டுப்போனான் என்று நாம் சொல்வதில்லை. அவன் ஏதோ தப்புச் செய்துவிட்டான், அவ்வளவுதான். இலக்கணத்தில்கூட அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிடுகிறது.

1966-ல் ஜெயகாந்தன் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். அதில் வரும் தாய் மகளின் தலையில் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அதற்காக எத்தனை சண்டை! எத்தனை கடிதங்கள்! அந்தத் தாய் செய்தது பெரிய காரியம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போகிற அந்தப் பெண்ணுக்கு மறுநாள் என்று ஒன்று இருக்கிறது. அதற்கடுத்த வருஷமும் இருக்கிறது. அந்த நாட்களைப் பற்றித்தான் நான் சில வருஷங்களாக யோசித்துக்கொண்டும் படித்துக்கொண்டும் வருகிறேன். படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் பாட்டு. அவளுக்காகப் பிறர் பாடுகிற பாட்டு அல்ல. அவளே பாடுகிற பாட்டு.

பாட்டு மனப்புண்ணை ஆற்றும் என்று சொன்னவுடனே நம்மவர்களுக்கு ராக அட்டவணை ஞாபகம் வந்துவிடும். தூக்கத்துக்கு நீலாம்பரி, ரத்தக்கொதிப்புக்கு ஆனந்தபைரவி என்று ஒரு பட்டியல் காலண்டர்களிலும் மலர்களிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மருந்துக் கடையில் சீட்டைக் கொடுத்து மாத்திரை வாங்குகிற மாதிரி! எனக்கு இந்தப் பட்டியலில் நம்பிக்கை கிடையாது. அது நிரூபணமாகவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பட்டியலில் நோயாளி என்பவள் காது முளைத்த ஓர் உடம்பு, அவ்வளவுதான். ராகம் அவள்மேல் வேலை செய்யும். அவள் சும்மா கிடக்க வேண்டும். தன்னைக் கேட்காமல் தன் உடம்பின்மேல் ஒரு காரியம் நடத்தப்பட்டதால்தானே அவள் இப்படி ஆகியிருக்கிறாள்? மறுபடியும் கேட்காமலே, இந்தத் தடவை நல்லெண்ணத்தோடு, இன்னொரு காரியத்தை நடத்துவதா?

அதுவும் போக, பாட்டு எல்லோருக்கும் எப்போதும் இதமானது என்று நினைப்பதே சரியில்லை. அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டு ரேடியோவில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். பத்து வருஷம் கழித்து ஒரு டீக்கடை வாசலில் அதே பாட்டின் முதல் அடி காதில் விழுந்தால் போதும். கை கால் சில்லிட்டு அவள் அங்கேயே நின்றுவிடுவாள். 'கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகக் கேள்' என்று சொல்வதும் அப்படித்தான். கண்ணை மூடுவதும் உடம்பைத் தளர்த்துவதும் நமக்குச் சுகம். எந்நேரமும் காவலிருந்து பழகிவிட்ட ஓர் உடம்புக்கு அதைவிடப் பயங்கரம் வேறில்லை.

பிறகு பாட்டுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பேச்சு நின்றுபோகிற இடத்தில்தான் அதன் வேலை ஆரம்பமாகிறது.

நடந்ததைச் சொல் என்று எல்லோரும் அவளைக் கேட்கிறார்கள். போலீஸ்காரர் கேட்கிறார், டாக்டர் கேட்கிறார், வக்கீல் கேட்கிறார், அம்மா கேட்கிறாள். அவளுக்கு வாய் வருவதில்லை. வந்தாலும் முன்னுக்குப் பின் முரணாக வருகிறது. உடனே பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 1996-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கொடிய அனுபவங்களுக்கு ஆளான எட்டுப் பேரிடம் அவரவர் அனுபவத்தையே படித்துக் காட்டி, அந்த நேரத்தில் மூளைக்குள் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று படம் எடுத்தார்கள். பயத்தோடு சம்பந்தப்பட்ட பகுதிகள் எரிந்துகொண்டிருந்தன. பேச்சை உண்டாக்குகிற 'ப்ரோகா' என்ற பகுதி அடங்கிக் கிடந்தது. எட்டே பேர்தான், அதை வைத்துக் கோட்டை கட்டக்கூடாது. ஆனாலும் 'நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது' என்று நம் பாட்டிமார் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சல்ல என்று அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

பாட்டு வேறு வழியாக வருகிறது. அதற்கு முதலில் வேண்டியது வார்த்தையல்ல, மூச்சு. ஓர் அடியை இழுத்துப் பாட வேண்டுமானால் மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விட்டாக வேண்டும். அப்படி விடும்போது நெஞ்சுத் துடிப்பு தானாகவே மெதுவாகிறது. 2013-ல் ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைச் சேர்ந்து பாட வைத்துப் பார்த்தார்கள்; பாட்டின் அடிகளுக்குத் தகுந்தபடி அவர்களுடைய நெஞ்சுத் துடிப்புகள் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினவாம். நாற்று நடுகிறவர்களுக்கும் ஏற்றம் இறைத்தவர்களுக்கும் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இருந்தாலும் விஞ்ஞானம் ஒப்புக்கொண்டால் நமக்குச் சந்தோஷம்தானே!

வாய் மூடிப்போன ஒரு பெண்ணின் கதை உலகத்துக்கே தெரியும். மாயா ஆஞ்சலோ என்ற அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர், 1928-ல் பிறந்தவர். ஏழெட்டு வயதில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் தாயாரோடு இருந்தபோது, தாயாரின் சிநேகிதன் அந்தக் குழந்தையைக் கெடுத்தான். (பாருங்கள், எனக்கே அந்த வார்த்தைதான் வருகிறது. வன்புணர்ந்தான் என்று திருத்திக்கொள்கிறேன்.) குழந்தை கோர்ட்டில் சாட்சி சொன்னாள். அவனுக்குத் தண்டனையாயிற்று, ஆனால் உடனே வெளியே வந்துவிட்டான். வந்தவனை யாரோ கொன்றுபோட்டார்கள். தன் வாயிலிருந்து வந்த வார்த்தைதான் அவனைக் கொன்றது என்று குழந்தை நினைத்துக்கொண்டது. அண்ணனைத் தவிர வேறு யாரோடும் ஏறக்குறைய ஐந்து வருஷம் பேசவில்லை. ஆர்க்கன்ஸா மாநிலத்துச் சிற்றூரில் பாட்டியிடம் வளர்ந்த அந்த வருஷங்களில் மாதாகோயில் பாட்டுகளையும் பெரியவர்களின் பேச்சையும், உடம்பெல்லாம் காதாக, கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த ஊரில் இருந்த ஒரு பண்பட்ட பெண்மணி புத்தகங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டி, எழுத்துக்கு உயிர் கொடுப்பது மனிதக் குரல்தான் என்று சொல்லி, மெல்ல மெல்ல அவளைப் பேச்சுக்குத் திருப்பினார். 1957-ல் அதே பெண் 'மிஸ் கலிப்ஸோ' என்று தன் பெயரில் ஓர் இசைத்தட்டு பாடி வெளியிட்டாள். சிறுவயதுக் கதையை எழுதிப் புத்தகமாக்கியது அதற்கும் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1969-ல். முதலில் பாட்டு, அப்புறம்தான் வாக்குமூலம். இந்த வரிசை ஒரு தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதே 1928-ல், உலகத்தின் இன்னொரு கோடியில், இன்றைக்கு வட கொரியா என்று சொல்லப்படுகிற பகுதியில், இன்னொரு பெண் பிறந்தார். பெயர் கில் வோன்-ஒக். பாடகியாக வேண்டும் என்பது அவருடைய சிறுவயது ஆசை. 1940-ல், இன்னும் சிறுமியாக இருக்கும்போதே, வேலை கிடைக்கும் என்ற பேச்சை நம்பிப் போனவரை மஞ்சூரியாவில் ஹார்பின் நகரத்திலிருந்த ஜப்பானிய ராணுவ விடுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த விடுதிகளில் அடைக்கப்பட்ட பெண்களுக்கு ராணுவம் வைத்த பெயர் 'ஆறுதல் பெண்கள்'. யாருக்கு ஆறுதல்? வார்த்தைகள் செய்கிற அக்கிரமத்துக்கு நம் மொழி மட்டும் பொறுப்பில்லை என்று தெரிகிறது. யுத்தம் முடிந்தபின் அவர் தென் பகுதியில் வந்து இறங்கினார். நாடு இரண்டாகப் பிளந்தது; வீட்டுக்குப் போக வழியில்லாமல் போயிற்று. அரை நூற்றாண்டு அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் மட்டுமல்ல, எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள். 1991 ஆகஸ்டில் கிம் ஹக்-சுன் என்ற மூதாட்டி முதன்முதலாகத் தன் பெயரையும் முகத்தையும் காட்டிப் பேசிய பிறகுதான் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

ஜோஷுவா பில்ஸர் என்ற இசை ஆராய்ச்சியாளர் இந்த மூதாட்டிகள் சிலரோடு வருஷக்கணக்கில் பழகி, அவர்களுடைய பாட்டுகளைப் பற்றியே 2012-ல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். பேச முடியாமல் இருந்த காலமெல்லாம் அவர்கள் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது. கேட்கிறவர்களுக்கு அது ஏதோ கிழவி முணுமுணுக்கும் நாட்டுப்பாட்டு, சினிமாப் பாட்டு. பாடுகிறவளுக்கு அதற்குள் என்னென்னவோ. ஊர் காதில் விழும்படி சொல்லவும் வேண்டும், ஊருக்குத் தெரியாமலும் இருக்க வேண்டும் என்றால் பாட்டைவிட நல்ல மறைவிடம் எது? என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. அவர்களுக்குத் தெரிந்த பாட்டுகளில் ஜப்பானியப் பாட்டுகளும் இருந்தன. சிலர் வயதான பிறகும் அவற்றைப் பாடினார்கள். பகைவன் மொழியில் எதற்கு என்று நாம் கேட்போம். இளமையில் கேட்டுப் பழகிய பாட்டு அது. அந்த இளமையை அவன் எடுத்துக்கொண்டான், பாட்டையுமா அவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

கில் வோன்-ஒக் 2017 ஆகஸ்டில், தொண்ணூறை நெருங்கிய வயதில், தமக்குப் பிடித்த பாட்டுகளைப் பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதற்கு முன்பே, 2012-ல், அவரும் தோழி கிம் போக்-தொங்கும் சேர்ந்து இன்னொரு காரியம் செய்திருந்தார்கள். ஜப்பானிய அரசாங்கத்திடமிருந்து எங்களுக்கு நஷ்டஈடு வந்தால் அதை அப்படியே இன்றைய யுத்தங்களில் எங்களைப் போல் சிதைக்கப்பட்ட பெண்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று அறிவித்தார்கள். வராத பணத்தை நம்பிக்கொண்டிராமல் 'வண்ணத்துப்பூச்சி நிதி' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அவர்கள் மனசில் முதலில் வந்த நாடு காங்கோ.

ஏன் காங்கோ என்பதற்கு புகாவு நகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காங்கோவின் கிழக்கு எல்லையில், கீவு ஏரிக்கரையில் இருக்கிறது. அங்கே டாக்டர் டெனிஸ் முக்வேகே 1999-ல் பன்ஸி என்ற இடத்தில் ஓர் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். பிரசவம் பார்க்கத்தான் ஆரம்பித்தது. ஆனால் முதலில் வந்தவளே ஆயுதம் தாங்கியவர்களால் சிதைக்கப்பட்ட ஒரு பெண். பின்னால் அது ஆயிரம் ஆயிரமாகப் பெருகிற்று. உள்ளுறுப்புகள் கிழிந்து, சிறுநீரை அடக்க முடியாமல், கிட்டே வந்தால் நாற்றமடிக்கிறது என்று புருஷனும் ஊரும் துரத்திவிட்ட நிலையில் வருகிறவர்கள் அவர்களில் அநேகம். டாக்டர் தைத்துக்கொடுத்தார். 2018-ல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. ஆனால் தைத்து முடித்ததும் வேலை முடிந்துவிடவில்லை என்பதை அவரே சொல்லிவந்தார். அறுவை, மனச் சிகிச்சை, கோர்ட், பிழைப்புக்கு ஒரு தொழில் ஆகிய நான்கும் ஓரிடத்திலேயே கிடைக்க வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் ஏற்பாடு.

2015-ல் அதற்குள் ஒரு பாட்டுக் கொட்டகையும் சேர்ந்தது. கனடா தேசத்து ஒலிப்பதிவுக்காரர் டார்ஸி அட்டமான் ஆரம்பித்த ஒரு ஸ்தாபனம் பன்ஸியோடு சேர்ந்து அதை நடத்தத் தொடங்கியது. முறை எளிமையானது. பத்துப் பன்னிரண்டு வாரங்கள் என்று ஒரு தவணைக்குச் சிறு குழுவாகப் பெண்கள் வந்து உட்காருகிறார்கள். அவர்களோடு இரண்டு பேர் இருப்பார்கள்: ஒருவர் மனச் சிகிச்சை தெரிந்தவர், மற்றவர் ஒலிப்பதிவும் மெட்டும் தெரிந்தவர். வருகிற பெண்ணுக்கு அங்கே நோயாளி என்று பெயர் கிடையாது. கலைஞர் என்று பெயர். அவளே வார்த்தைகளைச் சொல்கிறாள், அவளே மெட்டை முனகுகிறாள். எழுதத் தெரியாதவளுக்குப் பக்கத்திலிருப்பவர் எழுதிக்கொடுக்கிறார். நடந்ததைப் பாட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பாடினாலும் பாடலாம். பிறகு நிஜமான மைக்கின் முன்னால் நின்று, நிஜமான ஒலிப்பதிவு. ஏனோதானோவென்று பதிவதில்லை.

இந்தக் கடைசி விவரத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தர்மத்துக்குச் செய்கிற காரியங்களில் எல்லாமே கொஞ்சம் மட்டமாக இருக்கும். பழைய புடைவை, கிழிந்த பாய். இங்கே அப்படியில்லை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தன் குரல் பக்கவாத்தியத்தோடு சேர்ந்து திரும்பி வருவதை ஒரு பெண் கேட்கிறாள். 'இங்கே கொஞ்சம் பிசகிவிட்டது, இன்னொரு தடவை எடுங்கள்' என்று அவளே சொல்கிறாள். தன் உடம்பிலிருந்து வந்த ஒன்றைத் தானே நிறுத்தி, தானே திருத்துகிற அதிகாரம் அவளுக்கு எத்தனை நாளைக்குப் பிறகு கிடைக்கிறது!

அதோடு நிற்கவில்லை. அந்தப் பாட்டுகளை ரேடியோவில் போடுகிறார்கள். ஊர்களில் கச்சேரியும் நடத்துகிறார்கள். எந்த ஊர் அவளைத் துரத்தியதோ அந்த ஊர்க்காரன் ரேடியோவைத் திருப்பினால் அவள் குரல் வருகிறது. புருஷன் கேட்கிறான், மாமியார் கேட்கிறாள். அவமானம் என்பது இத்தனை நாள் அவள் மடியில் கட்டியிருந்த மூட்டை. அது இப்போது கேட்கிறவர்கள் வீட்டு வாசலில் இறங்குகிறது. அப்படிப் பாடிய பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் பழைய நினைவுகளின் தொல்லையும் கணிசமாகக் குறைந்தன என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. பாட்டே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. தையல் போட்ட டாக்டரும், வழக்காடிய வக்கீலும், கையில் ஒரு தொழிலும் இல்லாமல் வெறும் பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? துப்பாக்கியும் ஓயவில்லை. 2025 பிப்ரவரியில் கலகப் படை புகாவு நகரத்தையே பிடித்துக்கொண்டது. அதே மாதம்தான் இஞ்சியோனில் கில் வோன்-ஒக் 96-வது வயதில் காலமானார். அவர் கேட்ட மன்னிப்பும் நஷ்டஈடும் கடைசிவரை வரவில்லை.

ஒலிப்பதிவு அறையும் ரேடியோவும் இருந்தால்தான் முடியுமா என்று கேட்டால், அப்படியும் இல்லை. எனக்குத் தெரிந்த பாட்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. சில வருஷங்களுக்கு முன் அவரிடம் ஒரு பெண் பாட்டுக் கற்றுக்கொள்ள வந்தாள். கூட வந்த தாயார் தனியாக அழைத்துப்போய் இரண்டு வாக்கியம் சொன்னாராம். டீச்சர் மேலே ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. பெண் வந்து உட்கார்ந்தாள், வாயைத் திறக்கவில்லை. கதவுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். டீச்சர் மறுநாளே பாயைத் திருப்பிப் போட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டார். ஸ்ருதிப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி, "இதை நீ பாத்துக்கோம்மா. போதும்னு தோணினா நிறுத்திடு. என்னைக் கேக்க வேண்டாம்" என்றார். பாட்டு வகுப்புகளில் டீச்சர் சிஷ்யையின் தொடையில் தட்டித் தாளம் போடுவது சகஜம்; இவர் தாளத்தை அவளையே தன் மடியில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அடிவயிற்றிலிருந்து குரலை எழுப்பு என்று எல்லோருக்கும் சொல்கிற பாடத்தையும் இவளிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "அங்கேதானே அவளுக்குப் பயம் இருக்கு" என்றார். இவர் மன சாஸ்திரம் ஒரு வரி படித்தவரில்லை.

இரண்டு மாதம் அந்தப் பெண் ஸ்ருதியை மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். சம்பளம் வாங்க டீச்சருக்குக் கூச்சமாக இருந்ததாம்; தாயார் விடவில்லை. மூன்றாவது மாதம் ஒருநாள் டீச்சர் உள்ளே காப்பி கலந்துகொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து ஒரு ஸட்ஜம் கேட்டது. டீச்சர் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. காப்பி ஆறிப்போயிற்று என்றார் என்னிடம்.

நாலரைக் கட்டையில் ஆரம்பித்தவள் இப்போது ஐந்தரையில் பாடுகிறாளாம். அரைக் கட்டை ஏற்ற வேண்டும் என்றால் அவளே சொல்வாளாம். வர்ணம் முடிந்து கீர்த்தனைகள் நடக்கின்றன. சில நாள் வருவதில்லை; ஏன் வரவில்லை என்று டீச்சரும் கேட்பதில்லை. மேடையேற்றுகிற உத்தேசம் உண்டா என்று நான் கேட்டேன். டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எதுக்கு மேடை? அவ இஷ்டம் அது. குளிக்கும்போது பாடறாளாம், அவ அம்மா சொன்னா. இப்போதைக்கு அது போதாதா உங்களுக்கு?" என்றார்.